கைக்கு ஒரு கன்சோல்.. டிவிக்கு ஒரு கன்சோல்.. ஒரே கேமை ரெண்டு தடவை வாங்கணுமா?

1/
ஒரு கேள்வியோடு ஆரம்பிப்போம் அன்பர்களே..

ஒரே கம்பெனி ரெண்டு மெசின் விற்கிறது. ஒன்று டிவியில் மாட்டி ஆடுவது. இன்னொன்று கையில் வைத்து ஆடுவது. டிவி மெசினுக்கு வாங்கிய கேம் கை மெசினில் ஓடாது. கை மெசினுக்கு வாங்கியது டிவியில் ஓடாது. ரெண்டிலும் ஆட ஆசைப்பட்டால் ரெண்டு தடவை காசு கொடுக்கணும்.

இது நியாயமா? ரெண்டுக்கும் பொதுவாக ஒரே கேம் லைப்ரரி இருக்கக் கூடாதா?

"இருக்கணும், இதுல என்ன சந்தேகம்?" என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால் இதற்கு 40 வருட வரலாறு இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்வோம். கொஞ்சம் நீளமான இழை. டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

2/
1980, ஜப்பான். நிண்டெண்டோ கம்பெனியில் குன்பெய் யோகோய் என்று ஒரு பொறியாளர். புல்லட் ரயிலில் போகும்போது, பக்கத்தில் ஒருவர் போரடித்துப் போய் கால்குலேட்டர் பட்டன்களைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்ததைப் பார்த்தார் என்றும், அதிலிருந்துதான் யோசனை பிறந்தது என்றும் சொல்வார்கள்.

அப்படி வந்ததுதான் "கேம் அண்ட் வாட்ச்". கால்குலேட்டரில் இருக்கும் அதே எல்சிடி திரை. ஒரு கருவிக்கு ஒரே ஒரு கேம். கூடவே மணி பார்க்க கடிகாரம்.

லைப்ரரி என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. இன்னொரு கேம் வேணுமா? இன்னொரு கருவி வாங்கு. அவ்வளவுதான்.

(இடையில் ஒரு டாக்டராக ஒன்று.. இந்தக் கருவிகள் பட்டன் பேட்டரியில் ஓடுபவை. பழைய கருவி எதையாவது குழந்தைக்கு விளையாடக் கொடுத்தால் பேட்டரி மூடியைச் சரி பாருங்கள். குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே உள்ளே புண்ணாக்கிவிடும். சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரி.)

3/
1982இல் அதே கேம் அண்ட் வாட்ச் வரிசையில் "டாங்கி காங்" வந்தது. புத்தகம் போல மடிக்கும் வடிவம், ரெண்டு திரை. அதில் குரங்கோடு மல்லுக்கட்ட, கூட்டல் குறி போல ஒரு பட்டனை வைத்தார் யோகோய்.

அடுத்த வருடம் 1983 ஜூலை 15இல் நிண்டெண்டோவின் வீட்டு கன்சோல் "ஃபேமிகாம்" வந்தது. அதன் கன்ட்ரோலரில் அதே கூட்டல் குறி பட்டன். இன்றுவரை உலகத்தில் உள்ள பெரும்பாலான கன்ட்ரோலர்களில் அதன் வாரிசு இருக்கிறது.

ஆக, கைக்கருவிதான் வீட்டுக் கன்சோலுக்குக் கட்டைவிரல் வித்தையைக் கற்றுக்கொடுத்தது. யோசனைகள் ஆரம்பத்திலிருந்தே பொதுச்சொத்து. கேம்கள்தான் தனித்தனி.

4/
நம்மூர் 90ஸ் கிட்ஸுக்கு இது புரியும். நாம் "டிவி கேம்" என்று சொல்லி, கேசட்டை ஊதி ஊதிப் போட்டு ஆடியவை பெரும்பாலும் இந்த ஃபேமிகாமின் நகல்கள்தான்.

அதே வீட்டில் கையில் வைத்து ஆட "பிரிக் கேம்" ஒன்று இருந்திருக்கும். கட்டைகள் மேலேயிருந்து விழும், அடுக்கணும். "9999 கேம்ஸ்" என்று அட்டையில் போட்டிருக்கும், எண்ணிப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டுதான் தேறும்.

மாரியோ டிவியில் மட்டும். கட்டை கையில் மட்டும். அது ஏன் இப்படி என்று யாரும் கேட்கவில்லை. அதுதான் உலக வழக்கமாக இருந்தது.

5/
1989 ஏப்ரல் 21. "கேம் பாய்" வருகிறது. இப்போது கைக்கருவியிலும் கேசட் மாற்றலாம். அப்போதாவது நிண்டெண்டோ ரெண்டு லைப்ரரியையும் ஒன்றாக்கியிருக்கலாமே?

முடியாது. காரணம் எளிது.

ஃபேமிகாமுக்குள் இருந்த சிப் 6502 என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. கேம் பாய்க்குள் இருந்தது ஷார்ப் கம்பெனி செய்த, இன்டெல் 8080, ஸைலாக் இசட்80 ரெண்டையும் ஒட்டிய சிப். ரெண்டுக்கும் பாஷையே வேற. வீட்டுக் கன்சோலின் படம் 256க்கு 240 புள்ளிகள், கலரில். கேம் பாயின் படம் 160க்கு 144 புள்ளிகள், நாலே நாலு ஷேடு, அதுவும் பச்சைப் பாசி நிறத்தில்.

கேசட்டை மட்டும் மாற்றிப் போட்டால் ஓடாது. மொத்தமாகத் திரும்ப எழுதணும்.

6/
"கலர் திரையே வைத்திருக்கலாமே?" என்று கேட்பீர்கள். வைத்தவர்கள் இருக்கிறார்கள்.

அதே 1989இல் அடாரியின் "லிங்க்ஸ்" கலரில் வந்தது. 1990இல் சேகாவின் "கேம் கியர்" கலரில் வந்தது. ரெண்டுக்கும் 6 பென் டார்ச் பேட்டரி. சேகாவுடையது 3 முதல் 5 மணி நேரத்தில் மூச்சு விட்டுவிடும்.

கேம் பாய்க்கு 4 பேட்டரி. சுமார் 15 மணி நேரம் ஓடும்.

ஒரு தடவை ஹீமோடயாலிசிஸ் செய்துகொள்ள சுமார் 4 மணி நேரம் படுத்திருக்கணும். படுத்த படுக்கையில் இருப்பவர் ஒருவர் கையில் எந்தக் கருவி இருந்தால் உபயோகம் என்று யோசியுங்கள். கலர் முக்கியமா, கடைசி வரை கூட வருவது முக்கியமா?

7/
யோகோயின் கொள்கை இதுதான்: காய்ந்து போன பழைய தொழில்நுட்பத்தை எடு, அதைப் பக்கவாட்டில் யோசித்துப் புதுசாகப் பயன்படுத்து.

எங்கள் துறையில் உப்பு, சர்க்கரை, தண்ணீர் சேர்ந்த ஓஆர்எஸ் போல. அதில் நவீனம் எதுவும் கிடையாது. ஆனால் விலை குறைவு, எங்கேயும் கிடைக்கும், உயிரைக் காப்பாற்றும்.

கேம் பாய் ஜப்பானில் 12,500 யென். அமெரிக்காவில் 89.95 டாலர். கேம் பாயும் அதன் கலர் வாரிசும் சேர்ந்து விற்றது 11.8 கோடிக்கு மேல். வீட்டுக் கன்சோலான ஃபேமிகாம் விற்றது சுமார் 6.2 கோடி.

சின்னது பெரியதைத் தாண்டியது.

8/
சரி.. தனி லைப்ரரி என்றதால் என்ன நடந்தது? இங்கேதான் கதை சுவாரஸ்யம்.

வீட்டு மாரியோவைக் கொண்டுவர முடியாததால், யோகோயின் குழு கேம் பாய்க்கென்றே "சூப்பர் மாரியோ லேண்ட்" செய்தது.

வீட்டு ஸெல்டாவைக் கைக்குக் கொண்டுவரலாம் என்று ஆரம்பித்த வேலை, போகப் போக உருமாறி "லிங்க்ஸ் அவேகனிங்" என்ற முற்றிலும் புதிய கேமாக 1993இல் வந்தது. அந்த வரிசையிலேயே மனசை அதிகம் பிசையும் கதை அதுதான் என்று இன்றும் பலர் சொல்வார்கள்.

கவனிங்க. சிப் ஒத்துப்போயிருந்தால் அந்தக் கேம் பிறந்தே இருக்காது. பழையதன் நகலோடு முடிந்திருக்கும்.

9/
அடுத்தது டெட்ரிஸ். அமெரிக்காவில் கேம் பாய் பெட்டிக்குள்ளேயே இலவசமாக வைத்துக் கொடுத்தார்கள். மாரியோவை வைத்தால் சின்னப் பையன்கள் வாங்குவார்கள், டெட்ரிஸை வைத்தால் எல்லோரும் வாங்குவார்கள் என்று நிண்டெண்டோவிடம் வாதாடியவர் ஹென்க் ரோஜர்ஸ்.

அதுதான் நடந்தது. வேலைக்குப் போகும் ஆண்களும் பெண்களும் ரயிலில் ஆடினார்கள்.

டெட்ரிஸ் டிவியிலும் இருந்தது. ஆனால் அது பொருந்திய இடம் கைதான். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பத்து நிமிடத்தில் ஒரு ஆட்டம், பஸ் வந்ததும் அணைத்துவிடலாம்.

10/
எல்லாவற்றுக்கும் சிகரம் 1996 பிப்ரவரி 27. போக்கெமான்.

கேம் பாய்க்கு அப்போது வயசு 7. கிட்டத்தட்ட ஓய்வு பெறும் நிலை. ரெண்டு கேம் பாய்களை இணைக்கும் ஒயர் ஒன்று உண்டு. அந்த ஒயர் வழியாகப் பூச்சிகள் ஊர்ந்து போவதாகக் கற்பனை செய்தார் சடோஷி தஜிரி. சின்ன வயசில் பூச்சி பிடித்துச் சேர்த்தவர் அவர்.

உன்னிடம் இருப்பது என்னிடம் இல்லை, மாற்றிக்கலாம் வா. அவ்வளவுதான் கேம்.

ஒரு டிவி, ஒரு ஹால், நாலு பேர் என்ற அமைப்பில் இது பிறக்க வாய்ப்பில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு திரையும் சொந்தமாக ஒரு பையும் தேவை. தனிக் கருவி, தனி லைப்ரரி கொடுத்த வரம் இது.

11/
இப்போது மறுபக்கம். ஒரே லைப்ரரியை அந்தக் காலத்திலேயே செய்து பார்த்தவர்கள் உண்டா?

உண்டு. ரெண்டு பேர்.

1990இல் என்இசி கம்பெனி "பிசி எஞ்சின் ஜிடி" கொண்டுவந்தது. அமெரிக்கப் பெயர் "டர்போ எக்ஸ்பிரஸ்". ஏடிஎம் கார்டு அளவில் இருக்கும் வீட்டுக் கன்சோலின் கேம் கார்டை அப்படியே எடுத்து இந்தக் கைக்கருவியில் சொருகினால் ஓடும். கலர் திரை. 1990இல்! கேட்கும்போதே புல்லரிக்கும்.

ஆனால் அமெரிக்காவில் விலை 249.99 டாலர். கிட்டத்தட்ட மூன்று கேம் பாய் விலை. 6 பேட்டரி, சுமார் 3 மணி நேரம். திரை 2.6 இன்ச். டிவிக்காக வரைந்த எழுத்துகள் அந்தத் திரையில் எறும்பு போலத் தெரியும். கதையைப் படித்து ஆடும் கேம் என்றால் கண் அவ்வளவுதான்.

12/
இரண்டாவது சேகா. 1995 அக்டோபரில் வட அமெரிக்காவில் மட்டும் "நோமாட்" விற்றார்கள். வீட்டு "ஜெனசிஸ்" கன்சோலின் கேசட் அப்படியே ஓடும். டிவியிலும் மாட்டலாம். ரெண்டாவது ஆளுக்கு கன்ட்ரோலர் மாட்ட ஓட்டையும் உண்டு.

இன்றைய ஸ்விட்ச்சின் பாட்டன் என்றே சொல்லலாம்.

ஆனால் 6 பேட்டரி 2, 3 மணி நேரம்தான். அதைவிடப் பெரிய தப்பு நேரம். அதே 1995இல் சேகா தன் அடுத்த கன்சோல் "சாட்டர்ன்" விற்க ஆரம்பித்துவிட்டது. ஓய்வு பெறப் போகும் லைப்ரரிக்குப் புது வீடு கட்டிக் கொடுத்தது போலாயிற்று.

13/
இந்த ரெண்டு தோல்வியும் நமக்குச் சொல்வது என்ன?

ஒரே லைப்ரரி என்ற எண்ணத்தில் கோளாறு இல்லை. பேட்டரி, திரை, விலை மூன்றும் அந்த எண்ணத்தைத் தாங்கும் நிலையில் இல்லை.

ஐசியுவில் இருக்கும் எல்லாவற்றையும் ஆம்புலன்சுக்குள் ஏற்றினால் ஆம்புலன்ஸ் நகராது. ஆம்புலன்சுக்கென்று தனியாகத் தேர்ந்தெடுத்த உபகரணங்கள் வேணும். அதற்காக, ஆம்புலன்சில் கொடுத்த மருந்து ஐசியுவுக்குத் தெரியாமல் போகவும் கூடாது.

ரெண்டும் ஒன்றல்ல. ஆனால் ரெண்டும் பேசிக்கொள்ளணும். இந்த உதாரணத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

14/
நிண்டெண்டோ எதிர்த்திசையில் போனது. பெரியதைச் சின்னதில் திணிக்காமல், சின்னதைப் பெரியதில் காட்டியது.

1994இல் "சூப்பர் கேம் பாய்". கேம் பாய் கேசட்டை இதில் சொருகி வீட்டுக் கன்சோலில் போட்டால் டிவியில் ஆடலாம். 2003இல் கேம்கியூப் கன்சோலுக்கு "கேம் பாய் பிளேயர்".

கை லைப்ரரி வீட்டுக்குள் வரலாம். வீட்டு லைப்ரரி வெளியே போக முடியாது. ஒருவழிப்பாதை.

15/
இந்த இடத்தில் ஒருவரை அறிமுகப்படுத்தணும். சடோரு இவாடா.

அப்போது அவர் எச்ஏஎல் லேபரட்டரி என்ற கம்பெனியின் தலைவர். அடிப்படையில் புரோகிராமர். கேம் பாயில் இருந்த போக்கெமான் சண்டைகளை டிவியில் ஆடும்படி "போக்கெமான் ஸ்டேடியம்" கேமுக்குக் கொண்டுவரணும். அதற்கு முறையான குறிப்பு எதுவும் இல்லை. கேமின் மூல நிரலை வாங்கி, தானே உட்கார்ந்து படித்து, சுமார் ஒரு வாரத்தில் நிண்டெண்டோ 64க்கு மாற்றிக் கொடுத்தார்.

ஒரு கம்பெனித் தலைவர், கைக்கும் டிவிக்கும் நடுவே இருந்த சுவரைத் தன் கையாலேயே சுரண்டிப் பார்த்திருக்கிறார். அந்தச் சுவர் எவ்வளவு தடிமன் என்று அவருக்குத் தெரியும்.

2002இல் அவர் நிண்டெண்டோவின் தலைவரானார்.

16/
இவாடா காலத்தில் முதலில் தனி லைப்ரரிதான் உச்சத்துக்குப் போனது.

2004இல் "டிஎஸ்". ரெண்டு திரை, ஒன்று தொடுதிரை. நாய்க்குட்டி வளர்க்கும் "நிண்டெண்டாக்ஸ்", டோஹோகு பல்கலைக்கழக நரம்பியல் ஆய்வாளர் ரியூடா கவாஷிமாவின் புத்தகத்தை ஒட்டி வந்த "பிரெயின் ஏஜ்" என்று வீட்டுக் கன்சோலில் நினைத்தே பார்க்காத கேம்கள். தாத்தா பாட்டிகளும் ஆடினார்கள். (மூளை இளமையாகிவிடும் என்பதை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். பயிற்சி செய்த விளையாட்டில் கை தேறும். மறதி நோய்க்கு அது மருந்து அல்ல.)

டிஎஸ் விற்றது 15.4 கோடி.

அதே நேரம் சோனி, 2004 டிசம்பரில் "பிஎஸ்பி" கொண்டுவந்து வீட்டுக் கன்சோல் போன்ற கேம்களைக் கையில் கொடுக்கப் பார்த்தது. நன்றாகவே விற்றது. ஆனால் அதற்கும் தனி டிஸ்க், தனி லைப்ரரிதான்.

17/
பிறகு வந்தது நெருக்கடி.

2011 பிப்ரவரியில் "3டிஎஸ்", 25,000 யென். ஆறே மாதத்தில் 15,000 யென்னாகக் குறைக்க வேண்டிய நிலை. இவாடா தன் சம்பளத்தைப் பாதியாக வெட்டிக்கொண்டார்.

2012 நவம்பரில் "வீ யு". இதன் கன்ட்ரோலரில் 6.2 இன்ச் திரை இருந்தது. பார்க்கக் கைக்கருவி மாதிரியே இருக்கும். ஆனால் அடுத்த ரூமுக்கு எடுத்துப்போனாலே படம் திணறும். கேம் ஓடுவது டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டியில்தான்.

மொத்தமே 1.36 கோடிதான் விற்றது. வீட்டு எஜமானருக்கே ரெண்டு வேளை சோறு போட முடியாத நிலையில் ரெண்டு குடித்தனம் நடத்த வேண்டிய கதை.

18/
பிரச்சினை எங்கே என்று பாருங்கள். எச்டி காலத்தில் ஒரு கேம் செய்ய முன்பைவிட நிறைய ஆட்கள், நிறைய மாதங்கள் வேண்டும். அதே கம்பெனி 3டிஎஸ்சுக்கும் செய்யணும், வீ யுவுக்கும் செய்யணும். அங்கே ஆளைப் போட்டால் இங்கே பஞ்சம். வாங்கியவர்கள் புதுக் கேம் இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

இதற்கு ஒரு அருமையான உதாரணம் உண்டு. 2014இல் "சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்" ஒரே கேமை ரெண்டு கருவிக்கும் செய்தார்கள். ஐஸ் கிளைம்பர்ஸ் என்று எப்போதும் ஜோடியாக வரும் ரெண்டு பேர். வீ யுவில் ஓடினார்கள். 3டிஎஸ்சால் தாங்க முடியவில்லை. ரெண்டு பதிப்பிலும் ஒரே ஆட்கள் இருக்கணும் என்பதால் ரெண்டிலிருந்தும் அவர்களை நீக்கியதாக இயக்குநர் சகுராய் சொன்னார்.

ஒரே லைப்ரரியின் விலை இது. பலவீனமானவரின் வேகத்தில்தான் எல்லோரும் நடக்கணும்.

19/
2013இல் நிண்டெண்டோ, கைக்கருவி செய்யும் பிரிவையும் வீட்டுக் கன்சோல் செய்யும் பிரிவையும் ஒன்றாக இணைத்தது.

2014 ஜனவரியில் முதலீட்டாளர்களிடம் இவாடா விளக்கினார். ரெண்டையும் ஒரே கருவியாக ஆக்கிவிடுவேன் என்று அவர் சொல்லவில்லை. இனிமேல் அவை ஒரே குடும்பத்தில் பிறந்த சகோதரர்கள் போல இருக்கணும் என்றார். ஆப்பிள் கம்பெனி ஒரே அடித்தளத்தை வைத்துக்கொண்டு வெவ்வேறு அளவில் கருவிகள் செய்வதைக் காட்டினார். கருவி எத்தனை வடிவில் வந்தாலும் கேமைத் திரும்பத் திரும்ப எழுதக் கூடாது என்பதே சாரம்.

போக்கெமானை ஒரு வாரம் உட்கார்ந்து மாற்றி எழுதிய மனிதர் சொல்கிறார். அதன் கனம் புரியும்.

20/
அதே 2014 ஜூனில், வழக்கமான உடல் பரிசோதனையில் அவருடைய பித்தநாளத்தில் கட்டி இருப்பது தெரிந்தது. அறுவை சிகிச்சை நடந்தது. வேலைக்குத் திரும்பினார்.

பித்தநாளக் கட்டிகள் பெரும்பாலும் சத்தமில்லாதவை. பித்தம் போகும் வழி அடைபட்டு மஞ்சள் காமாலை வரும்போதுதான் பலருக்கும் தெரியும். அதற்குள் காலம் கடந்திருக்கும். பரிசோதனையில் முன்பே தெரிந்தது அவருக்குக் கிடைத்த வாய்ப்பு. ஆனாலும் நோய் விடவில்லை.

2015 மார்ச்சில் "என்எக்ஸ்" என்ற பெயரில் புதுக் கருவி வருவதாக அறிவித்தார். 2015 ஜூலை 11இல் இறந்தார். வயது 55.

அந்தக் கருவியை அவர் கடையில் பார்க்கவில்லை.

21/
2017 மார்ச் 3. அந்த என்எக்ஸ் "நிண்டெண்டோ ஸ்விட்ச்" ஆக வந்தது.

கையில் 6.2 இன்ச் திரை. டிவி பக்கத்தில் இருக்கும் தாங்கியில் செருகினால் அதே ஆட்டம் அதே இடத்திலிருந்து டிவியில் தொடரும். ஒரே கேசட், ஒரே சேமிப்பு.

இது எப்படிச் சாத்தியமானது? கையில் இருக்கும்போது 720பி, அதாவது சுமார் 9 லட்சம் புள்ளிகளை வரைந்தால் போதும். டிவியில் 1080பி வரை, சுமார் 21 லட்சம். கரண்டில் செருகியதும் சிப்பை வேகமாக ஓட்டலாம், சூடானால் விசிறி இருக்கிறது. கையில் எடுத்ததும் வேகத்தைக் குறைத்து பேட்டரியைக் காப்பாற்றலாம். செல்போனுக்காக உலகமே வளர்த்தெடுத்த சிப்பும் லித்தியம் பேட்டரியும்தான் நோமாட்டிடம் இல்லாதவை.

(இன்னொரு டாக்டர் குறிப்பு: ஸ்விட்ச் கேசட்டை நக்கிப் பார்த்தால் குமட்டும் கசப்பு. குழந்தைகள் விழுங்கக் கூடாது என்று டெனட்டோனியம் பென்சோயேட் தடவியிருக்கிறார்கள். நல்ல வேலை.)

22/
பலன்?

ரெண்டு பந்தியில் பிரிந்து பரிமாறிய சமையல்காரர்கள் எல்லாம் ஒரே பந்திக்கு வந்தார்கள். ஸெல்டா, மாரியோ, போக்கெமான் எல்லாம் ஒரே இடத்தில். கைக்கருவியில் மட்டுமே வந்த போக்கெமானின் முதன்மை வரிசை முதல் முறையாக டிவிக்கு வந்தது.

2020 மார்ச் 20இல், உலகம் வீட்டுக்குள் அடைந்த நேரத்தில், "அனிமல் கிராசிங்" வந்தது. 12 நாளில் 1.1 கோடிக்கு மேல் விற்றது. ஹாலில் ஆடியவரும் தனி அறையில் தனிமைப்படுத்தப்பட்டவரும் ஒரே கேமை வாங்கினார்கள்.

ஸ்விட்ச் விற்பனை 15 கோடியைத் தாண்டியது. நீக்கப்பட்ட ஐஸ் கிளைம்பர்சும் 2018இல் திரும்ப வந்தார்கள். கருவி ஒன்றானதும் தடை போனது.

23/
அப்படியென்றால் தீர்ப்பு முடிந்ததா? இல்லீங்க. பில்லைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது.

3டிஎஸ் காலத்தில் கைக்கருவிக்கு ஒரு பெரிய கேமின் விலை அமெரிக்காவில் 39.99 டாலர். வீட்டுக் கன்சோல் கேம் 59.99 டாலர். 2016இல் வந்த "போக்கெமான் சன்" 39.99. 2019இல் ஸ்விட்ச்சுக்கு வந்த "போக்கெமான் ஸ்வோர்ட்" 59.99.

லைப்ரரி ஒன்றானபோது விலையும் ஒன்றானது. ஒன்றானது கீழ்விலையில் அல்ல, மேல்விலையில்.

டிவியே வேண்டாம் என்று சொல்லும் பிள்ளையும் டிவிக்கான விலையைத்தான் கொடுக்கணும். "ரெண்டு தடவை வாங்க வேண்டாம்" என்ற லாபம் யாருக்கு? ரெண்டு கருவியும் வாங்கக் கூடிய வீட்டுக்கு. ஒரே ஒரு கைக்கருவி மட்டும் வாங்க முடிந்த வீட்டுக்கு இது 20 டாலர் விலையேற்றம்.

24/
கருவி விலையையும் பார்ப்போம். 2019 செப்டம்பரில் டிவியில் மாட்டவே முடியாத "ஸ்விட்ச் லைட்" 199.99 டாலருக்கு வந்தது. 1989இன் 89.95 டாலரை விலைவாசி உயர்வோடு கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ அதே அளவுதான். அதனால் அது நியாயமான விலை. குறைந்த விலையில் அதே லைப்ரரியின் கதவைத் திறந்தது. இவாடா சொன்ன "சகோதரர்" இதுதான்.

ஆனால் 2025 ஜூன் 5இல் வந்த "ஸ்விட்ச் 2" அமெரிக்காவில் 449.99 டாலர். அதோடு வந்த "மாரியோ கார்ட் வேர்ல்ட்" 79.99 டாலர். கூடவே விலை குறைந்த தம்பி யாரும் வரவில்லை.

ஓஆர்எஸ் போல எல்லோருக்கும் எட்டியது, கார்ப்பரேட் பேக்கேஜாக மாறும் அபாயம் இது.

25/
இன்னொரு நஷ்டம் உண்டு. அது பில்லில் தெரியாது.

2023 மார்ச் 27இல் 3டிஎஸ், வீ யு ரெண்டின் இணையக் கடையையும் மூடினார்கள். அன்றோடு அங்கே இணையத்தில் மட்டும் விற்ற கேம்களைப் புதிதாக வாங்க வழியில்லை. டிஎஸ், 3டிஎஸ் கேம்கள் ரெண்டு திரைக்காகவும் தொடுபேனாவுக்காகவும் எழுதப்பட்டவை. ஒற்றைத் திரைக்கு அவற்றை மாற்றுவது கடினம்.

ஒரே லைப்ரரி என்றார்கள். அந்த லைப்ரரியில் நேற்று வரை இருந்த அலமாரிகளில் பல உள்ளே வரவேயில்லை.

26/
இதில் வேறு பாதை காட்டியது வால்வ் கம்பெனி. 2022 பிப்ரவரியில் வந்த "ஸ்டீம் டெக்" கைக்கருவிக்கென்று தனியாகக் கேம் விற்கவில்லை. கம்ப்யூட்டருக்காக 10 வருடம் முன்பு வாங்கிய கேமும் பெரும்பாலும் இதில் ஓடும். லைப்ரரி முதலில், கருவி பிறகு.

அதோடு ஒவ்வொரு கேமையும் சோதித்து முத்திரை குத்துகிறார்கள். அந்தச் சோதனையில் ஒன்று, எழுத்துகள் இந்தச் சின்னத் திரையில் படிக்கும்படி இருக்கிறதா என்பது.

1990இல் டர்போ எக்ஸ்பிரசில் எறும்பாகத் தெரிந்த எழுத்து ஞாபகம் இருக்கிறதா? முப்பது வருடம் கழித்து அதற்கு ஒருவர் வைத்தியம் பார்த்திருக்கிறார்.

சோனி 2023இல் கொண்டுவந்த "போர்ட்டல்" மூன்றாவது வழி. அது வந்தபோது கேம் வீட்டிலிருக்கும் பிஎஸ்5இல் ஓடியது, படம் மட்டும் இணையத்தில் கைக்கு வந்தது. இணையம் திணறினால் ஆட்டமும் திணறும்.

27/
இப்போது முதல் கேள்விக்கு வருவோம். கைக்கும் டிவிக்கும் ஒரே லைப்ரரி வேண்டுமா?

வேண்டும் என்பதே என் கருத்து. தனி லைப்ரரிக்குக் காரணமாக இருந்தது சிப், திரை, பேட்டரி. அந்தக் காரணம் போய்விட்டது. காரணம் போன பிறகும் பிரித்து வைத்தால் அதற்குப் பெயர் வியாபாரம் மட்டுமே.

ஆனால் தனி லைப்ரரி கொடுத்த நன்மைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு அல்ல. டெட்ரிசும் போக்கெமானும் சின்னத் திரையை முதலில் மனதில் வைத்ததால் பிறந்தவை. டிவிக்குச் செய்துவிட்டு, கையிலும் ஓடுகிறது என்பது போதாது.

28/
எனவே மூன்று நிபந்தனை.

ஒன்று: கையில் வைத்து ஆடும்போதும் எழுத்து படிக்க முடியணும், பாதியில் நிறுத்த முடியணும். இது சலுகை அல்ல, அடிப்படை.

இரண்டு: அதே லைப்ரரிக்குள் நுழைய விலை குறைந்த ஒரு கருவி எப்போதும் இருக்கணும். சின்னக் கேம்களுக்குச் சின்ன விலையும் இருக்கணும்.

மூன்று: புது லைப்ரரி கட்டும்போது பழைய அலமாரிகளையும் கொண்டுவரணும். நேற்று காசு கொடுத்து வாங்கியவன் நாளை திருடனைப் போல இணையத்தில் தேடி அலையக் கூடாது.

29/
உங்கள் வீட்டில் பிள்ளைக்குக் கருவி வாங்கும் யோசனை இருந்தால் கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்.

இப்போது வாங்கும் கேம் இதன் அடுத்த மாடலிலும் ஓடுமா?
டிவி இல்லாமலே முழுசாக ஆட முடியுமா?
ரெண்டு பிள்ளைகள் இருந்தால், ரெண்டாவது கருவிக்கும் கேமைத் திரும்ப வாங்கணுமா?

இந்த மூன்றுக்கும் வரும் பதிலில்தான் உண்மையான விலை இருக்கிறது. அட்டைப்பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இல்லை.

கருவி வாங்கிக் கொடுத்த கையோடு நேரக்கட்டுப்பாடும் வையுங்கள். 20 நிமிடத்துக்கு ஒரு முறை கண்ணைத் தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். தூக்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே கருவி சார்ஜருக்குப் போகட்டும்.

உங்கள் கருத்து வேறாக இருந்தால் தாராளமாக எழுதுங்கள், பேசுவோம்.

- அரசு மருத்துவர், எம்பிபிஎஸ்